வள்ளியப்பாவைப் பாடமாக வையுங்கள்: காவிரிப் படுகைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மன்னார்குடியை அடுத்து, பாமணியாற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, 2019ஆம் ஆண்டில் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்குமே பெரும்பாலும் பாடம் எடுத்தேன். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, திருச்சி மாவட்டங்களில் இளங்கலைக்கும் முதுகலைக்கும் எதைப் பாடமாக வைப்பது என்று முடிவுசெய்யும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்த முடிவில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவுக்கு உரிய இடத்தைக் கேட்டே இந்த மடலை எழுதுகிறேன். அவர் பெயரைச் சொல்லிப் போகும் ஒரு வரி உங்கள் பாடத்திட்டங்களில் ஏற்கெனவே இருக்கக்கூடும். நான் கேட்பது, அவருடைய பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சங்கப் பாட்டையோ ஒரு பாசுரத்தையோ நடத்துவதுபோல அடியடியாக நடத்த வேண்டும் என்பதை.

இந்த எண்ணம் எனக்கு எப்போது உறுதிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பள்ளியின் ஓட்டுக்கூரையில் ஒரு பாதி போய்விட்டது. புத்தக அலமாரி நின்ற மூலையில்தான் மழை முழுவதும் இறங்கியிருந்தது. தென்னைகள் சாய்ந்து, மின்சாரமும் இல்லாமல் கிடந்த நாட்களில், சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் இரண்டைப் போட்டு, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தினோம். வள்ளியப்பாவின் பாடல் தொகுப்பு ஒன்று அவற்றில் இருந்தது. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் கைபட்டு ஓரமெல்லாம் மழுங்கிப்போன பிரதி. தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால், பிரித்தபோது சில பக்கங்களில் மேல்தாளின் எழுத்து கீழ்த்தாளோடு போய்விட்டது. எந்த வரி போயிற்று என்று நான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த வரியைத் தயக்கமில்லாமல் சொன்னாள். நான் பென்சிலால் அதை எழுதினேன். அடுத்ததையும் சொன்னாள். ஒரு பக்கம் முழுவதையும் அப்படி மீட்டோம்.

மாம்பழப் பாட்டு வந்தபோதுதான் சிக்கல் வந்தது. மல்கோவாவுக்குப் பிறகு வரும் ஊரின் பெயரைச் சேலம் என்று அவள் சொன்னாள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் குறுக்கிட்டு, மன்னார்குடி என்றான். அவன் சொன்னதும் தாளத்தில் பிசகாமல் உட்கார்ந்தது. அவன் அக்காளும் அப்படித்தான் பாடுவாளாம். அவன் அம்மாவும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான், அவரை வரவழைத்துக் கேட்டால் அவர் வேறோர் ஊரைச் சொன்னார். சேலம் என்பதே கவிஞர் எழுதியது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் ஒரே தெருவில் ஒரு பாட்டுக்கு மூன்று வடிவங்கள் வாழ்ந்துகொண்டிருப்பதை அன்றுதான் கவனித்தேன். முப்பது ஆண்டுகளாகக் காதில் விழுந்ததைக் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

உங்களுக்கு இது புதிதன்று. பாடபேதம் என்ற சொல்லைக் கேட்டாலே இந்த மண்ணுக்கு ஒருவரின் நினைவு வரும். உத்தமதானபுரத்தில் பிறந்து, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், ஏட்டுக்கு ஏடு மாறும் ஒரு சொல்லுக்காக எத்தனை ஊர்களுக்கு நடந்தார், எத்தனை வீடுகளின் பரண்களைத் தேடினார் என்பதை நீங்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அவர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பயன்பட்ட அந்தக் கண், இன்று வாய்மொழியாகச் சிதறிக் கிடக்கும் ஒரு கவிஞரின் பாடல்களுக்கும் தேவைப்படுகிறது. ஓலையைச் செல் அரித்ததுபோல, வாய்மொழி வடிவங்களைக் கைபேசியில் ஓடும் ஒரே மாதிரியான காணொளி அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காணொளியில் பாட்டு இருக்கிறது, கவிஞர் பெயர் இருப்பதில்லை. இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து எங்கள் தெருவில் போய்க் கேட்டால் ஒரு வடிவம்தான் கிடைக்கும்.

பாட்டில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் கேட்கலாம். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கவிஞரின் நூற்றாண்டான 2022இல், ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்காக நான் எழுதியனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. தொலைபேசியில் பேசிய ஒருங்கிணைப்பாளர் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். "அம்மா, உங்கள் அனுபவம் பெரிது. ஆனால் இதில் ஆய்வுப்பொருள் என்று ஒன்றும் இல்லையே" என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை, அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். அன்று அவரிடம் சொல்ல நா எழாததை இங்கே எழுதுகிறேன்.

லட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமான ஒரு தட்டில் தொடங்கும் அந்தச் சிறு பாட்டு உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும். அடிதோறும் ஈற்றில் ஒரே ஒலி வருவதைக் காது கேட்கிறது. அது இயைபுத் தொடை. ஆனால் அதன் தொடக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் அடி 'தட்டு' என்று முடிகிறது, அடுத்த அடி 'தட்டு' என்று தொடங்கி 'லட்டு' என்று முடிகிறது, மூன்றாம் அடி 'லட்டு' என்று தொடங்கி 'எட்டு' என்று முடிகிறது, நான்காம் அடி அந்த எட்டில் தொடங்குகிறது. இது அந்தாதித் தொடையே. திருக்கடையூர் அபிராமிபட்டர் அன்னையின்மேல் கட்டிய நூறு பாடல்களை ஒன்றோடொன்று கோத்த அதே இழை, ஐந்து வயதுப் பிள்ளையின் பாட்டில் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அபிராமி அந்தாதி ஒலிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும், அந்த நூலின் பெயரையே கேட்டறியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கும் அந்தாதி என்ற கட்டமைப்பு முதன்முதலில் வாயில் ஏறுவது இந்தப் பாட்டின் வழியாகத்தான். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக இருப்பதால், அடுத்த அடியை மறந்துபோகவும் முடியாது. மனப்பாடத்துக்கு மரபு கண்ட வழியை மழலைக்கு ஏற்ற அளவில் அவர் கையாண்டிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். அந்தக் கோவை எந்த இடத்தில் அறுகிறது? எட்டில் பாதியை விட்டுவிட்டு, மீதத்தைக் கிட்டு 'எடுத்தான்' என்று வரும் இடத்தில். லட்டு தட்டில் அடுக்கிக் கிடக்கும்வரை சொற்களும் அடுக்கிக் கிடக்கின்றன, கை உள்ளே போனதும் அடுக்கு கலைகிறது. பிறகு தங்கை தன் பங்கைத் தின்கிறாள், கணக்குச் சரிபார்க்கப்படுகிறது, கடைசியில் காலித் தட்டு நிற்கிறது. 'தட்டு' என்று முடிந்த முதல் அடியோடு 'தட்டு' என்று முடியும் கடைசி அடி போய்ச் சேர்ந்துகொள்கிறது. இதை மண்டலித்தல் என்று நீங்கள் வகுப்பில் சொல்கிறீர்கள். கவிஞர் இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தாரா, தமிழ்ப் பாட்டைக் கேட்டுப் பழகிய காது தானாகச் செய்துவிட்டதா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. யாராவது ஒரு மாணவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பொருளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அண்ணன் முதலில் பாதியை விடுகிறான், பிறகுதான் தனக்கு எடுத்துக்கொள்கிறான். விட்டு, எடுத்தான் என்ற அந்த வரிசை மாறியிருந்தால் பாட்டே வேறாகியிருக்கும். தங்கைக்குக் கிடைப்பது அவன் தின்று மிஞ்சியதாக இல்லாமல், சரிபாதியாக இருக்கிறது. கழித்தலில் தடுமாறிய பிள்ளைகளை நான் எட்டுப் புளியங்கொட்டையோடு தரையில் உட்காரவைத்து இந்தப் பாட்டைப் பாடச் சொல்வேன். 'பாதி விட்டு' என்னும் இடத்தில் நான்கு கொட்டையைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். எட்டில் நான்கு போனால் எத்தனை என்று தனியாகக் கேட்டால் விழிக்கும் பிள்ளை, பாட்டோடு கேட்டால் தவறாது. அவருடைய மாம்பழப் பாட்டும் கடைசியில் ஊராரை ஓடிவரச் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் அழைக்கிறது. அவர் எழுதிய முதல் கதைக்கு 'ஆளுக்குப் பாதி' என்று பெயர். ஒரு கவிஞரின் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்தைத் தேடிக் காண்பதுதானே திறனாய்வு. இவரிடம் அது முதல் கதையிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது.

அந்த முதல் கதைக்கும் நம் படுகைக்கும் ஓர் உறவு உண்டு. வள்ளியப்பா 1922 நவம்பர் 7 அன்று புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில், காவிரி நீர் எட்டாத கண்மாய்ப் பூமியில் பிறந்தவர். சென்னைக்குச் சென்று வை. கோவிந்தனின் 'சக்தி' இதழ் அலுவலகத்தில் பணிக்குச் சேர்ந்த இளைஞரை எழுதத் தூண்டியவர், அப்போது அங்கிருந்த எழுத்தாளர் தி.ஜ.ர.; அவர் திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூர்க்காரர். பின்னர் வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே, 1944இல் 23 பாடல்களோடு 'மலரும் உள்ளம்' என்ற முதல் தொகுப்பை வெளியிட்டார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். பிற்காலத்தில் 'கோகுலம்' இதழின் ஆசிரியராக இருந்தார். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட அவருடைய 'நம் நதிகள்' பல இந்திய மொழிகளுக்குச் சென்றது. 1989 மார்ச் 16இல் மறைந்தார். சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கியத்துக்கெனத் தனி விருதை 2010இல்தான் வழங்கத் தொடங்கியது. அவர் போய் இருபத்தோரு ஆண்டுகள் கழித்து.

மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் 1921இல் பிறந்த எழுத்தாளர் தி. ஜானகிராமனை நீங்கள் முழுமையாக நடத்துகிறீர்கள். மௌனியும் கு.ப.ரா.வும் எம்.வி. வெங்கட்ராமும் உங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் நானும் படித்தவள்தான், அவர்களுக்குத் தரும் இடத்தில் ஓர் அங்குலமும் குறைய வேண்டாம். ஆனால் ஜானகிராமனுக்கு ஏறக்குறைய ஒத்த வயதினரான ஒருவர், அவருடைய எழுத்தைப் படிக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் முதன்முதலாகத் தமிழ்ப் பாட்டைக் கொடுத்த ஒருவர், நடையைப் பற்றிப் பேசும் எந்த வகுப்பிலும் வராமல்போவது எப்படி நேர்ந்தது? பூவண்ணன் போன்றவர்கள் குழந்தை இலக்கியத்தின் வரலாற்றை உழைத்து எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. அங்கே கவிஞரின் வாழ்வும் நூல்களும் சிறப்பும் தெரிகின்றன. பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எது நிற்கிறது, எது விழுகிறது என்ற பேச்சு பல்கலைக்கழக அளவில் வளரவில்லை என்பதே என் குறை.

விழுகிறது என்று சொன்னதை விளக்க வேண்டும். புகழ்மாலை கோப்பதற்காக நான் இந்த மடலை எழுதவில்லை. வள்ளியப்பாவின் பாடல்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. அறிவுரை முன்னே வந்து நின்று, பாட்டைப் பின்னே தள்ளிவிடும் இடங்கள் பல உண்டு. அவற்றைப் பிள்ளைகள் ஒப்பித்துவிட்டு மறந்துவிடுவார்கள். விளையாட்டு நேரத்தில் அவை வாயில் வருவதில்லை. எதுகைக்காக மட்டும் வந்து நிற்கும் பெயர்களும் சில பாடல்களில் உண்டு. கிட்டு, பட்டு என்ற பெயருடைய பிள்ளை ஒருவர்கூட என் முப்பத்து நான்கு ஆண்டு வருகைப் பதிவேட்டில் இருந்ததில்லை. தட்டு நிறைய லட்டு என்பது, நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்குத் தீபாவளிக்கோ கல்யாண வீட்டிலோ தொலைவிலிருந்து பார்த்த காட்சிதான். பாட்டுக்குள் இருக்கும் வீடு யாருடைய வீடு என்ற கேள்வியை நீங்கள் கட்டாயம் எழுப்ப வேண்டும். பள்ளி ஆசிரியையான எனக்கே அது உறுத்தியது. அந்த வீட்டை அறியாத பிள்ளைகள் ஏன் அந்தப் பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் குழந்தை எழுத்தாளர் எனிட் பிளைட்டனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். பிபிசி வானொலியோ அவர் எழுத்து தரம் குறைந்தது என்று பல ஆண்டுகள் அவரை ஒதுக்கியே வைத்திருந்தது. அவருடைய நூல்களில் உள்ள இன வேறுபாட்டுப் பார்வையையும் பெண்பிள்ளைகளை நடத்தும் முறையையும் கண்டித்தவர்கள் ஏராளம். அவர் 1968இல் மறைந்த பின்னும் அந்த வாதம் ஓயவில்லை, நூல்கள் விற்பதும் ஓயவில்லை. அவரைக் கண்டிப்பதற்காகவாவது அவரைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். நம் கவிஞரைக் குறைசொல்வதற்குக்கூட யாரும் எடுத்துப் படிக்கவில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். இளங்கலைத் தமிழில் ஒரு பருவத்தில், வள்ளியப்பாவின் பாடல்களில் ஓர் இருபதையாவது மூலத்தோடு பாடமாக வையுங்கள். பாரதியின் பாப்பாப் பாட்டையும் கவிமணியின் குழந்தைப் பாடல்களையும் அதற்கு முன்னே வைத்து நடத்தினால், மரபு எங்கே தொடர்கிறது, இவர் எங்கே விலகுகிறார் என்பது மாணவர்களுக்குத் தாமாகவே விளங்கும். யாப்பிலக்கணம் நடத்தும் ஆசிரியர், இயைபுக்கும் அந்தாதிக்கும் மேற்கோளாக லட்டுப் பாட்டைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கட்டும். அன்று வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள் என்று உறுதி சொல்கிறேன். முதுகலை மாணவர்களுக்கு இன்னும் கனமான வேலை இருக்கிறது. முதல் தொகுப்பின் 23 பாடல்கள் பிற்காலப் பதிப்புகளில் என்னவாயின, எந்தச் சொல்லைக் கவிஞர் மாற்றினார், எதை நீக்கினார் என்று ஒப்பிட்டு, ஆண்டு வரிசையோடு ஒரு செம்பதிப்பு வர வேண்டும். அதற்கு வேண்டிய பயிற்சி தமிழ்த்துறைகளிடம்தான் இருக்கிறது, எங்களைப் போன்ற பள்ளி ஆசிரியர்களிடம் இல்லை.

களப்பணியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பதிப்பு வேலை ஐந்தாண்டு கழித்தும் நடக்கும், அச்சிட்ட தாள் எங்காவது ஒரு நூலகத்தில் காத்திருக்கும். அறுபது எழுபது வயதுப் பெண்கள் தங்கள் பள்ளிக்காலத்தில் பாடிய வடிவம் அப்படிக் காத்திருக்காது. நாட்டுப்புறவியல் படிக்கும் மாணவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் பதிவுசெய்ய ஊர் ஊராக வருகிறார்கள். எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். அதே கருவியோடு அதே திண்ணையில் அமர்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டால் போதும். ஆசிரியர் பெயர் உள்ள பாட்டு நாட்டுப்புறப் பாட்டாகாது என்று வகைப்பாட்டைக் காட்டி இதைத் தவிர்க்க வேண்டாம். பெயர் தெரிந்த ஒருவர் எழுதிய பாட்டு எப்படி ஊரின் பாட்டாக மாறுகிறது என்பதைக் கண்முன்னே காணும் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை.

புயலுக்குப் பின்வந்த மாதங்களிலும் ஓய்வு பெற்ற பின்னும் நான் குறித்துவைத்தவை மூன்று நாற்பது பக்க நோட்டுகளில் இருக்கின்றன. பாடியவரின் வயது, படித்த பள்ளி, யாரிடம் கற்றார் என்பதை ஒவ்வொரு பாட்டின் கீழும் எழுதியிருக்கிறேன். முறையான ஆய்வுக் குறிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. தேதி விட்டுப்போன இடங்களும், பாடியவரை முடிக்கவிடாமல் நானே திருத்திவிட்ட இடங்களும் உண்டு. திருத்தியவற்றை ஓரத்தில் சிவப்பு மையால் காட்டியிருக்கிறேன். பென்சிலால் வரிகளை மீட்டெழுதிய அந்தப் பழைய பிரதி இப்போது பள்ளியில்தான் இருக்கிறது. புதிய தலைமையாசிரியர் அதைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் எந்தத் துறையாவது ஒரு மாணவரை அனுப்பினால் நோட்டுகளை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். மன்னார்குடிப் பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்குக் காலையில் இரண்டு வண்டிகள் உண்டு. மாம்பழத்துக்கு நான்காவது ஊர்ப்பெயர் ஒன்றைச் சொன்ன பாட்டிக்கு எண்பத்தொரு வயதாகிறது. அவர் பாடுவதை நான் எழுதியிருக்கிறேனே தவிர இன்னும் ஒலிப்பதிவு செய்யவில்லை. அந்த மாணவர் பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.